உப்பை விட்ட ஆறு மாதம்

மாசி மாதத்தில் ஒரு காலை முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் யாரோ கையை வைத்து அமத்துவது போல இருந்தது. விளக்குமாற்றை மதிலில் சாத்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அது போய்விட்டது. போனதைப் பெரிதாக எடுக்காமல் மிச்ச முற்றத்தையும் கூட்டி முடித்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். சொன்னது என் பிழை. அவள் அந்த நிமிடமே புத்தளத்தில் இருக்கிற என் மகளுக்குப் போன் எடுத்துவிட்டாள்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். நெஞ்சில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். டொக்டர் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். இதயத்துக்கு இன்னும் பழுது இல்லை, பிரஷர்தான் கூட நிற்கிறது, மேல் நம்பர் நூற்று அறுபது, இப்படியே நின்றால் இதயம் களைத்துவிடும் என்றார். எழுபத்தொரு வருடம் ஒரு நாளும் களைக்காத இதயம் இப்போது ஏன் களைக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. கிளினிக் கொப்பி ஒன்று தந்து, மாதத்துக்கு ஒருக்கால் வரச் சொன்னார்கள்.

மகள் அன்று பின்னேரம் போனில் வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை, கட்டளை போட்டாள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், வீட்டிலும் அந்தக் குரல்தான்.

"உம்மா, இனித் தனிய இருக்க ஏலாது. நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்."

"எங்க?"

"எங்க எண்டா? இஞ்சதான், புத்தளத்துக்கு."

"நான் வரமாட்டன்."

"நெஞ்சு நோவோட அடம் பிடிக்கிறீங்களா?"

"நெஞ்சு நோ காலையிலயே போயிட்டுது. அடம் மட்டும்தான் மிச்சம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் உள்ளே பயம்தான். என்றாலும் இந்த வீட்டை விட்டுப் போவது என்பது அவள் நினைக்கிற மாதிரி ஒரு பையை அடுக்கிக்கொண்டு பஸ் ஏறுகிற காரியம் இல்லை. சண்டைக் காலத்தில் ஒரு தரம் எங்கள் ஆட்கள் எல்லாரையும் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள், போனோம். உடுத்த உடுப்போடு கடல் வழியாகப் புத்தளம் போனோம். ஓலைக் கொட்டிலில் நாலு வருடம், பிறகு ஓட்டு வீட்டில் மிச்ச வருடங்கள். பிள்ளைகள் அங்கே படித்து, அங்கேயே கலியாணம் முடித்தார்கள். அவர்களின் வாப்பா மௌத்தாகி, அடக்கப்பட்டதும் அங்கேதான். இருபது வருடத்துக்கு மேல் போன பிறகு எங்கள் ஊரான உப்புக்குளத்துக்குத் திரும்பி வந்தபோது இந்த வீட்டுக்குக் கூரை இல்லை, உள்ளே வேலிக்கருவேல் முளைத்து என் உயரத்துக்கு நின்றது. வெட்டினோம், கட்டினோம், இருக்கிறேன். இன்னொரு தரம் இந்தக் கதவைப் பூட்டிவிட்டுப் போக என்னால் ஏலாது. புத்தளம் கெட்ட ஊர் இல்லை. இரண்டாம் தரம் போக என் கால் வராது, அவ்வளவுதான்.

கடைசியில் மகள் ஒரு பேச்சுக்கு வந்தாள்.

"சரி. ஒவ்வொரு மாசமும் கிளினிக்கில என்ன நம்பர் எண்டு எனக்குச் சொல்லவேணும். ஆடிக் கடைசியில பள்ளிக்கூட லீவு விடும், நான் வருவன். மேல் நம்பர் நூற்றி நாப்பதுக்குக் கீழ இறங்கியிருந்தா நீங்கள் இருங்கோ. இல்லாட்டி உங்கட உடுப்பை நான்தான் அடுக்குவன்."

"ஓம்" என்றேன். ஆறு மாதம் இருந்தது. நான் ஒன்றைச் செய்வதென்றால் ஒழுங்காகச் செய்கிறவள். ஊரில் யாரிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

அதே மாசியில் நடந்த முதல் கிளினிக்கில் எங்களை வாங்குப் பலகைகளில் இருத்தி வைத்து ஒரு நர்ஸ் மிஸ்ஸி பாடம் நடத்தினா. உப்பைக் குறைக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் கூடாது. தேங்காயின் முதல் பாலை விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடக்க வேண்டும். நேரத்துக்குப் படுக்க வேண்டும். மருந்துக் குளிசை ஒரு நாளும் தவறக்கூடாது. கடைசியாக, மனதைப் போட்டு உழட்டக்கூடாது என்றா.

பக்கத்தில் இருந்த ஒரு கிழவர், முன்பு ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தவராம், "மிஸ்ஸி, மனசை உழட்டாமல் இருக்கக் குளிசை இருக்கோ?" என்று கேட்டார்.

"இருந்தா நான் முதல்ல போட்டிருப்பன் ஐயா" என்றா மிஸ்ஸி. எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு உப்பு ஒன்றுதான் யோசனையாக இருந்தது. நான் கடற்கரையில் பிறந்தவள். மீனையும் உப்பையும் அளக்காமல் கையால் போட்டுப் பழகியவள். கலியாண வீட்டுக் கறிச் சட்டிக்கு உப்புச் சரியா என்று பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆணத்தை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, இன்னும் அரைப் பிடி என்று சொல்வேன். என் வாக்கு ஒரு நாளும் பிழைத்ததில்லை. மிஸ்ஸியிடம் எழும்பிப் போய், "உப்பில்லாமல் எப்பிடிச் சாப்பிடுறது மிஸ்ஸி?" என்று கேட்டேன்.

"முதல் ரெண்டு மூண்டு கிழமை ஒண்டும் ருசிக்காது அம்மா. பிறகு நாக்குப் பழகிடும். நீங்களே வந்து சொல்லுவீங்கள் பாருங்கோ, உப்பில்லாமலே ருசியா இருக்கு எண்டு."

அதை நான் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உப்புப் போத்தலை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டேன். குறைக்கச் சொன்னார்கள், நான் முழுக்க விட்டேன். பாதி வைத்துப் பாதி விடுகிற வேலை எனக்குச் சரிவராது.

நடக்கவும் தொடங்கினேன். சுபஹு தொழுதுவிட்டு, விடிந்து ஆள் முகம் தெரியும் நேரத்தில் வெளிக்கிடுவேன். மகள் அனுப்பிய சப்பாத்து பஞ்சு மாதிரி இருந்தது. அதைப் போட்டால் தரை எங்கே என்று காலுக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் போட்டுவிட்டுப் பழைய செருப்புக்கே வந்துவிட்டேன். பாலத்துப் பக்கமாகப் போகிற வீதியில் கழுதைகள் நடுவில் படுத்திருக்கும், அவற்றைச் சுற்றித்தான் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரியும் துணைக்கு வந்தாள். நல்லவள், புருஷன் இல்லாதவள், என்னைவிட இருபது வயது இளமை. அவளுக்கு ஒரு குறை, வழியில் காணும் ஒவ்வொருவரிடமும் நின்று கதைப்பாள். நாங்கள் நடந்தது பத்து நிமிடம், நின்றது இருபது நிமிடம். நிற்கிற நேரமும் அரை மணித்தியாலத்தில் சேருமா என்று நான் அவளைக் கேட்டேன்.

"மூச்சு வாங்கினாச் சேரும் ராத்தா."

"உனக்குத்தான் வாங்குது புள்ள, கதைச்சுக் கதைச்சு."

இதெல்லாம் எனக்குக் கஷ்டமாக இல்லை. சாப்பாடுதான் கஷ்டமாக இருந்தது. சோற்றை வாயில் வைத்தால் கழுவிய துணியைச் சப்புவது போல இருந்தது. சொதி வெறும் மஞ்சள் தண்ணீர். மீனை அவித்துத் தேசிக்காய் பிழிந்தால் புளிப்பு மட்டும் தனியாக நின்றது. அதோடு இன்னொன்றையும் கண்டேன். எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீருக்கு ஒரு மருந்து மணம் உண்டு. உப்புப் போட்டுச் சமைத்த காலத்தில் அது தெரியவில்லை. உப்பை விட்டதும் சோற்றில் அந்த மணம் ஏறி நின்றது. ஆஸ்பத்திரியையே சமைத்துச் சாப்பிடுவது போல இருந்தது. என்றாலும் விடவில்லை. மூன்றாம் கிழமையில் கழுத்து எலும்பு தெரியத் தொடங்கிவிட்டது.

அப்போது ஒரு நாள் குழாய் வரவில்லை. எங்கேயோ வெடித்ததைத் திருத்துகிறார்களாம். இரண்டு நாளாகும் என்றார்கள். அதனால் வீட்டுக் கிணற்றில் அள்ளிச் சமைத்தேன்.

என் கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் வாப்பா வெட்டியது. எங்கள் ஒழுங்கைத் தெருவிலேயே நல்ல தண்ணீர் என்று பெயரெடுத்த கிணறு. அந்தக் காலத்தில் நோன்பு மாதத்தில் கஞ்சி காய்ச்ச இங்கிருந்துதான் பள்ளிவாசலுக்கு அள்ளிக்கொண்டு போவார்கள். நாங்கள் திரும்பி வந்தபோது அது கல்லும் தகரமும் சைக்கிள் ரயரும் போட்டு நிரம்பிக் கிடந்தது. கூரை போடுவதற்கு முந்தி கிணற்றைத்தான் இறைப்பித்தேன். மூன்று பேர் நாலு நாள் வேலை செய்தார்கள். ஊற்று வந்ததும் முதல் வாளியை நானே அள்ளிக் குடித்தேன். பிறகு குழாய் வந்தது, எல்லாரும் குழாய்க்குப் போனார்கள், நானும் போனேன். கிணறு குளிக்கவும் கழுவவும் என்று ஆகிவிட்டது.

அன்று அந்தத் தண்ணீரில் ஆக்கிய சோற்றை ஒரு வாய் வைத்தேன். ருசி இருந்தது. உப்பில்லாத சோற்றில் ருசி. முருங்கை இலைச் சொதியிலும் இருந்தது. ஒரு தட்டுக்கு இரண்டு தட்டு சாப்பிட்டேன். மிஸ்ஸி சொன்ன நாள் வந்துவிட்டது, நாக்குப் பழகிவிட்டது என்று நினைத்தேன். குழாய் மீண்டும் வந்த பிறகு அதில் ஆக்கிப் பார்த்தேன், பழையபடி ஒன்றுமில்லை. அந்த மருந்து மணம்தான் இவ்வளவு நாளும் சோற்றின் சொந்த ருசியை மறைத்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். அன்றிலிருந்து சோறு, ஆணம், தேத்தண்ணீர், குடிப்பது எல்லாமே கிணற்றுத் தண்ணீர்தான்.

பங்குனிக் கிளினிக்கில் நம்பர் கொஞ்சம் இறங்கியிருந்தது. நூற்று ஐம்பத்தாறு. மிஸ்ஸியிடம், "நீங்கள் சொன்னது சரி மிஸ்ஸி, நாக்குப் பழகிட்டுது" என்றேன். அவ என்னை எழுப்பி நிறுத்தி மற்றவர்களுக்குக் காட்டினா. "பாருங்கோ, இந்த அம்மா முழுக்க உப்பை விட்டிருக்கிறா." நான் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். பெருமையாகத்தான் இருந்தது.

சித்திரையில் நூற்று ஐம்பத்தெட்டு. வைகாசியில் நூற்று அறுபத்திரண்டு. ஆனியில் நூற்று எழுபது.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மற்றக் கணக்கெல்லாம் இப்படி நடப்பதில்லை. கூட்டினால் கூடும், கழித்தால் குறையும். நான் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வர இது கூடிக்கொண்டு போனது. கருவாடும் ஊறுகாயும் தின்று திரிந்த காலத்தில் ஒரு நோவும் தெரியவில்லை. ஒன்றும் தின்னாத காலத்தில் இரத்தம் கொதிக்கிறது என்கிறார்கள். அந்தக் கந்தோர்க் கிழவர் பக்கத்தில் இருந்து, தான் நேற்றுக் கடையில் பொரித்த றோல்ஸ் இரண்டு தின்றதாகக் காதுக்குள் சொன்னார். அவருக்கு நூற்று முப்பது. இது எந்த நியாயம் என்று யாரிடம் கேட்பது?

மிஷின் பிழையோ என்று மிஸ்ஸியிடம் கேட்டேன். அவ மற்றக் கையில் கட்டிப் பார்த்தா. அதே நம்பர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு விசாரித்தா.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. கருவாடு?"

"மாசியில இருந்து தொடயில்லை."

"ஊறுகாய்? அப்பளம்?"

"இல்லை."

"கடையில வாங்கிற பிஸ்கட், மிக்சர்?"

"நான் கடைச் சாமான் திங்கிறதில்லை."

"குளிசை?"

குளிசைப் பையை அவவுக்கு முன்னால் கொட்டினேன். எண்ணிப் பார்த்தா, சரியாக இருந்தது. அவ முகத்தில் நம்பிக்கை இல்லை. பங்குனியில் என்னை எழுப்பி நிறுத்திக் காட்டிய அதே மிஸ்ஸி, இந்த முறை கொப்பியை மூடித் தந்தா. டொக்டர் குளிசையைக் கூட்டி எழுதினார். பொய்க்காரியைப் போல வெளியே வந்தேன். மகளுக்கு நம்பரைச் சொன்னேன். அவள், "லீவு விட இன்னும் அஞ்சு கிழமை இருக்கு உம்மா" என்று மட்டும் சொன்னாள்.

அந்த அஞ்சு கிழமையும் நான் இரண்டு தரம் நடந்தேன், காலையும் பின்னேரமும். தென்மேற்குச் சோளகக் காற்று வீசிப் புழுதியை அள்ளி முகத்தில் அடித்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தேன். தேங்காயே வாங்கவில்லை. மனதை உழட்டக்கூடாது என்பதால், உழட்டுகிறேனா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டேன். அப்படிப் பார்ப்பதும் உழட்டுவதில் சேருமோ என்று ஒரு பயம் வேறு.

ஆடி தொடங்கிச் சில நாளில் பக்கத்து வீட்டுக்காரி மத்தியானம் வந்தாள். அவளுக்கு வீட்டில் சமைக்க முடியவில்லை, காய்ச்சல் விட்டு எழும்பியவள். என் சோற்றைப் போட்டு, முருங்கைச் சொதி ஊற்றி, அவித்த மீனில் ஒரு துண்டு வைத்துக் கொடுத்தேன். நல்லாச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுத் தட்டை வழித்துக்கொண்டே சொன்னாள்:

"வாய்க் கசப்புக்கு உப்பு நல்லாப் பிடிச்சிருக்கு ராத்தா."

"என்ன உப்பு?"

"சோத்தில போட்டிருக்கிற உப்புத்தான்."

"நான் உப்புப் போடயில்லை."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கதவுப் பக்கம் பார்த்தாள். ஒருவரும் இல்லை என்று கண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"நான் ஆருக்கும் சொல்லமாட்டன் ராத்தா. மகளுக்கும் சொல்லமாட்டன்."

"சொல்ல என்ன இருக்கு? உப்புப் போத்தலே உன்ர வீட்டிலதானே இருக்கு."

"கடையில இன்னொரு பக்கற் வாங்க ஏலாதா? அதை விடுங்கோ. மனிசர்தானே, ஆசை வரும்."

"காய்ச்சல் உன்ர நாக்கைக் கெடுத்துப்போட்டுது. எழும்பு, போய்ப் படு."

எழும்பிப் போனாள். மூன்று நாள் நான் அவளைக் கூப்பிடாமல் தனியே நடந்தேன். தனியே நடந்தால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. உப்புப் பார்க்கக் கலியாண வீட்டுக்குக் கூப்பிடுகிற என்னிடம், நேற்றுக் காய்ச்சலில் கிடந்தவள் உப்புச் சொல்லித் தருவதா? ஆனால் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவள் சொன்னது காதில் விழுந்தது. சோற்றை நாக்கில் வைத்து வைத்துப் பார்த்தேன். சோற்றின் ருசிதான் இருந்தது. வேறொன்றும் இல்லை.

லீவு விட்ட அடுத்த நாள் மகள் வந்து இறங்கினாள். தன் பிள்ளைகளை அவர்களின் வாப்பாவோடு விட்டுவிட்டுத் தனியாக வந்தாள். ஒரு பெரிய வெறும் பையும் கொண்டு வந்திருந்தாள். அது எதற்கென்று நான் கேட்கவில்லை. அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்தாள். கிளினிக்குக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அவளுக்குச் சோறு போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாய் வைத்ததும் கையை நிறுத்தினாள்.

"உம்மா."

"என்ன?"

"இதுக்காகவா நான் அஞ்சு மாசமா ஒவ்வொரு நாளும் போன் எடுத்துக் கேட்டனான்? உப்பு விட்டாச்சு, உப்பு விட்டாச்சு எண்டு சொன்னீங்கள்."

"விட்டாச்சுத்தான்."

அவள் எழும்பி அடுப்படியைத் தேடினாள். தகர டப்பாக்களைத் திறந்தாள். அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். அலுமாரியில் என் சேலைகளுக்கு அடியில் கூடப் பார்த்தாள். நான் கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். என் வயிற்றில் பிறந்தவள் என் அலுமாரியைக் களவு பிடிக்கிறவள் போலத் துழாவுகிறாள். ஒன்றும் கிடைக்காமல் வந்து நின்றாள்.

"எங்க ஒளிச்சு வச்சிருக்கிறீங்கள்?"

"நீயே ஆக்கு" என்றேன். "நான் இந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டன். நீயே அரிசி கழுவி, நீயே ஆக்கி, நீயே தின்னு பார்."

ஆக்கினாள். அடுப்புக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு காவல் நின்றாள். வெந்ததும் அகப்பையால் நாலு பருக்கை எடுத்து ஊதி வாயில் போட்டாள். முகம் மாறியது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் எழும்பினனீங்களா?"

"இல்லை."

"சத்தியமா?"

"உனக்குக் கண் இருக்குத்தானே."

இரண்டு பேரும் அந்தச் சட்டியைப் பார்த்தோம். உப்பு இல்லாத வீட்டில், உப்புப் போடாத சட்டியில், மற்றவர்கள் வாய்க்கு மட்டும் உப்பு எங்கிருந்து வருகிறது? அரிசியில் இருக்குமோ என்று அவள் இரண்டு பச்சை அரிசியைக் கடித்துப் பார்த்தாள், இல்லை என்றாள். சட்டியில் ஊறியிருக்குமோ என்று நான் சொன்னேன். அது அலுமினியச் சட்டி, எதுவும் ஊறாது. கடைசியில் அடுப்புக்குப் பக்கத்தில், அரிசிக்குத் தண்ணீர் எடுத்த வாளியில் கோப்பையைத் தோய்த்து ஒரு மிடறு வாயில் வைத்தாள். வைத்ததும் ஓடிப்போய் முற்றத்தில் துப்பினாள்.

"உம்மா, இது எந்தத் தண்ணி?"

"எங்கட கிணத்துத் தண்ணி."

"குழாய்த் தண்ணி எங்க?"

"அது மருந்து நாத்தம். நான் சமைக்கிறதில்லை."

"எப்ப இருந்து?"

பங்குனியில் இருந்து என்றேன். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "உம்மா, இது உவர். கடல் தண்ணி மாதிரிக் கிடக்கு."

"என்ர கிணறு உவரில்லை."

"குடிச்சுப் பாருங்கோ."

குடித்தேன். எனக்கு அது தண்ணீராகத்தான் இருந்தது. நல்ல தண்ணீர். அவள் குழாயைத் திறந்து இன்னொரு கோப்பையில் பிடித்துத் தந்தாள். அதைக் குடித்தேன். அது வெறுமையாக, பிழையான தண்ணீர் போல இருந்தது. மறுபடியும் கிணற்றுத் தண்ணீர். மறுபடியும் குழாய்த் தண்ணீர். வயிறு நிரம்பிப் போகும்வரை மாறி மாறிக் குடித்தேன். எது தண்ணீர், எதில் என்ன இருக்கிறது என்று என் நாக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மகள் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். வந்தவள் மதிலுக்கு மேலால் எட்டி, கோப்பையை வாங்கி ஒரு சொட்டை நாக்கில் வைத்தாள். அவள் சந்தோஷப்பட்டிருக்கலாம், நான் அவளை எழுப்பி அனுப்பியவள். படவில்லை. என் முகத்தைப் பாராமல்தான் சொன்னாள்.

"மாரி மழையோட நல்லாத்தான் இருக்கும் ராத்தா. சோளகம் வீச வீச எல்லாக் கிணறும் உவர்க்கும். இந்தப் பக்கத்தில இப்ப ஒருத்தரும் கிணத்தில குடிக்கிறதில்லை. நீங்களும் குளிக்கத்தான் அள்ளுறீங்கள் எண்டு நினைச்சன்."

அப்போதுதான் கொஞ்சம் விளங்கியது. நான் தொடங்கியது மழை முடிந்த காலம், தண்ணீர் லேசாகத்தான் கரித்திருக்கும். அதைத்தான் ருசி என்று எடுத்திருக்கிறேன். பிறகு கிணறு ஒவ்வொரு நாளும் ஒரு துளி உவர்க்க, என் நாக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு துளி பின்னால் போயிருக்கிறது. நாக்குப் பழகும் என்று மிஸ்ஸி சொன்னது பொய்யில்லை. பழகித்தான் இருக்கிறது. எதற்குப் பழகுகிறது என்று நான் பார்க்கவில்லை.

ஆனால் இதை அந்த நிமிடம் நான் வாயால் ஒப்புக்கொள்ளவில்லை. "வாப்பா வெட்டின கிணறு" என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன், அது ஒரு பதில் மாதிரி.

கிளினிக்கில் நூற்று எழுபத்திரண்டு. மகள் என் கிணற்றுக் கதையை டொக்டருக்குச் சொன்னாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் சிரிக்கவில்லை, அது எனக்குப் பிடித்தது. "இருக்கலாம்" என்றார். "தண்ணியில உப்பு இருந்தா அதுவும் உப்புத்தான். ஆனா அது மட்டும்தான் காரணம் எண்டு சொல்ல ஏலாது." இன்னொரு குளிசையும் எழுதினார். இரண்டு கிழமையில் திரும்ப வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் மகள் சொன்னாள்: "ஆடிக் கிளினிக் முடிஞ்சுது உம்மா. நாங்கள் கதைச்சது கதைச்சதுதான்."

"ஓம்" என்றேன். "நாக்குத்தான் பிழைச்சது. வாக்குப் பிழைக்காது. அடுக்கு."

அன்று இரவு அவள் என் உடுப்புகளை மடித்துப் பையில் வைத்தாள். நான் உதவி செய்யவில்லை, தடுக்கவும் இல்லை. பாதியில் ஒரு சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, "ரெண்டு கிழமை பாப்பம்" என்றாள், எனக்கா தனக்கா என்று தெரியாத குரலில். "லீவு இருக்குத்தானே." பை பாதி நிரம்பியபடி அலுமாரிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

இரண்டு கிழமையும் அவளே சமைத்தாள், குழாய்த் தண்ணீரில். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஒரு இரவு திறந்து வைத்தால் மருந்து மணம் குறையும் என்று செய்து காட்டினாள், குறைந்தது. தேசிக்காய், மிளகு, இஞ்சி, கறிவேப்பிலை என்று எதையெதையோ போட்டாள். எனக்கு மறுபடியும் கழுவிய துணிதான். ஒரு வாய் வைப்பேன், பையைப் பார்ப்பேன், இன்னொரு வாய் வைப்பேன். காலையில் பக்கத்து வீட்டுக்காரியும் நானும் நடந்தோம். முதல் நாள் நான் அவளிடம் மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை, "வாறியா?" என்றுதான் கேட்டேன். வந்தாள்.

இரண்டாம் கிழமை முடிய மிஸ்ஸி பட்டியைக் கட்டி, காற்றை விட்டு, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு மற்றக் கையிலும் கட்டினா.

"நூற்றி முப்பத்தெட்டு" என்றா.

மகள் என் தோளைப் பிடித்தாள். எனக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை, கேள்விதான் வந்தது. டொக்டருக்கு முன்னால் போய் இருந்ததும் கேட்டேன்.

"டொக்டர், இது எதாலை இறங்கினது? தண்ணியாலையா, புதுக் குளிசையாலையா?"

"ரெண்டாலையும் இருக்கலாம் அம்மா. நடக்கிறீங்கள், அதாலையும் இருக்கலாம். மகள் கூட இருந்தா, மனசு ஆறுதல், அதாலையும் இருக்கலாம்."

"எது எண்டு தெரிஞ்சா மிச்சத்தை விடலாமே."

"அதுக்காகத்தான் சொல்லமாட்டன்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

நான் இன்றைக்கும் அதை யோசிக்கிறேன். தண்ணீர்தான் காரணம் என்றால், ஆறு மாதம் கழுதைகளைச் சுற்றி நடந்த நடை எதற்கு? குளிசைதான் காரணம் என்றால், என் கிணற்றைச் சும்மா பழித்துவிட்டோம். மகள் கூட இருந்தது காரணம் என்றால், அவள் போன பிறகு என்ன ஆகும்? எதுவென்று தெரியாததால் ஒன்றையும் விட முடியவில்லை. குளிசை போடுகிறேன், நடக்கிறேன், குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறேன், நேரத்துக்குப் படுக்கிறேன். இதில் ஏதோ ஒன்று வேலை செய்கிறது. எது என்று இதயத்துக்குத் தெரியும் போல, எனக்குச் சொல்வதில்லை.

லீவு முடிகிற நாள் மகளை பஸ் நிலையத்தில் விடப் போனேன். அன்று காலையில் அவள் என் உடுப்புகளைப் பையிலிருந்து எடுத்து அலுமாரியில் திரும்ப அடுக்கினாள். வெறும் பையை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்தாள்.

பஸ்ஸில் ஏறிய பிறகு யன்னலால் தலையை நீட்டினாள்.

"அடுத்த மாச நம்பரை எனக்கு நீங்களே சொல்லவேணும் உம்மா."

"சொல்லுவன்."

"கூடினாலும் சொல்லவேணும்."

"கூடினாலும் சொல்லுவன். நீ அந்தப் பையை அங்கயே வச்சிரு."

அவள் சிரித்தாள். பஸ் புறப்பட்டுப் பாலத்துப் பக்கம் திரும்பியது. ஆட்டோக்காரர் ஒருவர் வந்து, "வாங்கோ உம்மா, வீட்டில விடுறன்" என்றார். வேண்டாம் என்று நடந்தே வந்தேன். நல்ல வெயில், வழியில் ஒருவரிடமும் நின்று கதைக்கவில்லை, மூச்சும் கொஞ்சம் வாங்கியது. இந்த நடை அன்றைய அரை மணித்தியாலத்தில் சேருமா, இல்லை பின்னேரம் இன்னொரு தரம் நடக்க வேண்டுமா என்று தெரியவில்லை. பின்னேரம் இன்னொரு தரம் நடந்தேன்.